புறக்கடையில் கோழியும் வாத்தும்: புதியவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

வீட்டின் பின்புறத்தில் பத்துக் கோழி, நாலைந்து வாத்து என்று மேய்ச்சல் முறையில் வளர்க்கத் தொடங்கியிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், பறவைகளின் உயிரையும் வீட்டாரின் நலத்தையும் நேரடியாகத் தொடுபவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (திருவண்ணாமலை): ஐயா, கோழிக்குஞ்சுகளையும் வாத்துக்குஞ்சுகளையும் ஒரே அட்டைப்பெட்டியில் பல்பு போட்டு வளர்க்கலாமா? இரண்டும் குஞ்சுகள்தானே?

பதில்: வேண்டாம். வாத்துக்குஞ்சு ஒவ்வொரு வாய்த் தீனிக்கும் தண்ணீரில் அலகை விட்டு அலசும். அரை நாளில் கீழே பரப்பிய உமி முழுவதும் நனைந்துவிடும். அந்த ஈரத்தில் கோழிக்குஞ்சுக்குக் குளிர் தாக்குவதோடு, இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் கிருமியும் பெருகும். ஆகவே முதல் சில வாரங்களாவது தனித்தனியாக வையுங்கள்.

முதல் வாரம் குஞ்சுகள் நிற்கும் மட்டத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் வேண்டும்; பிறகு வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைக்கலாம். வெப்பமானியைவிடக் குஞ்சுகளே தெளிவாகச் சொல்லும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக முண்டினால் வெப்பம் போதவில்லை; சுவரோரம் ஒதுங்கி வாயைப் பிளந்து இரைத்தால் வெப்பம் மிகுதி; பெட்டி முழுவதும் பரவி மேய்ந்தால் சரி. வாத்துக்குஞ்சின் தண்ணீர்த் தட்டில் அலகும் மூக்குத்துளையும் மூழ்க வேண்டும், ஆனால் குஞ்சு உள்ளே இறங்கிவிடக் கூடாது. தாயில்லாமல் வளரும் குஞ்சின் தூவி எளிதில் நனைந்து, குளிரில் விறைத்து இறந்துபோகும்.

கேள்வி (கோபிசெட்டிபாளையம்): நாட்டுக்கோழிக்கு இயற்கையிலேயே எதிர்ப்புச் சக்தி உண்டு, மிளகும் சீரகமும் மஞ்சளும் அரைத்துக் கொடுத்தாலே போதும் என்கிறார் என் மாமனார். தடுப்பூசி அவசியம்தானா?

பதில்: பெரியவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நாட்டுக்கோழி வெயிலையும் பட்டினியையும் பண்ணைக்கோழியைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் வெள்ளைக்கழிச்சல் வைரஸால் வருவது. தடுப்பூசி போடாத கூட்டத்தில் அது புகுந்துவிட்டால் பெரும்பாலானவை சில நாட்களில் மடிந்துவிடும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, இறக்கை தொங்கி, கழுத்து திருகிக்கொண்ட கோழிக்கு எந்த அரைப்பும் உயிர் தராது. மருந்தே இல்லாத நோய்க்கு முன்கூட்டிய தடுப்பு ஒன்றுதான் வழி.

முதல் வாரத்தில் எஃப்1 அல்லது லசோட்டா என்னும் தடுப்பு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட வேண்டும். நான்காவது வாரத்தில் மீண்டும் லசோட்டா, எட்டாவது வாரத்தில் ஆர்2பி ஊசி இறக்கையின் தோலுக்கு அடியில். ஆர்2பி வீரியம் கூடியது என்பதால் இளங்குஞ்சுக்கு அதைப் போடவே கூடாது. அதற்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்கம் செய்துவிட்டால் ஊசி நன்றாகப் பிடிக்கும்.

போட்டும் பலனில்லை என்று குறைபடுபவர்கள் பலர் மருந்தைக் கடையிலிருந்து சட்டைப்பையில் வைத்து வெயிலில் கொண்டுவந்தவர்களாகவே இருப்பார்கள். ஐஸ் போட்ட குடுவையில் கொண்டுவந்து, கரைத்த இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். நோயுற்ற கோழிக்குப் போடக் கூடாது. ஒரு குப்பியில் நூறு கோழிகளுக்கோ அதற்கு மேலோ மருந்து இருக்கும் என்பதால், தெருவில் கோழி வைத்திருப்போர் ஒரே நாளில் சேர்ந்து போடுவது காசுக்கும் நல்லது, காப்புக்கும் நல்லது. வாத்துகள் இந்நோயால் பொதுவாக வாடுவதில்லை என்றாலும் கிருமியைச் சுமந்து பரப்பக்கூடும். அவற்றுக்கெனத் தனியாக வாத்து பிளேக் தடுப்பூசி உண்டு. கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி): கம்பி வலை அடித்தும் இரவில் கீரி நுழைந்து கோழிகளைக் கடித்துப் போட்டுவிட்டது. விஷம் வைக்கலாமா?

பதில்: வைக்கவே கூடாது. கீரி 1972-ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படும் விலங்கு. தவிர, அந்த விஷத்தைத் தின்னப்போவது உங்கள் நாயாகவும் கோழியாகவும்கூட இருக்கலாம். நீங்கள் அடித்தது அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கோழிவலையாக இருக்க வேண்டும். அது கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர, கீரியையும் மரநாயையும் தடுக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த உறுதியான வலை) அடித்து, அதன் அடிப்பகுதியை ஓரடி மண்ணுக்குள் புதையுங்கள். பொழுது சாயக் கோழி தானாகவே கூண்டுக்கு வந்துவிடும், வாத்தை ஓட்டிக்கொண்டுதான் வர வேண்டும். வாத்துக்குப் பரண் வேண்டாம். தரையிலேயே காய்ந்த வைக்கோல் போட்ட தனி அறை போதும். பகலில் பருந்துக்கு அஞ்சுவோர் ஆங்காங்கே புதர்ச்செடி விட்டு வையுங்கள், குஞ்சுகள் ஓடி ஒளிய இடம் இருக்கும்.

கேள்வி (காரைக்குடி): குளமில்லாமல் வாத்து வளர்க்க முடியுமா?

பதில்: முடியும். கண்வரை தலை முங்கும் ஆழத்தில் ஒரு தொட்டி போதும். தினமும் மாற்றிய தண்ணீரை வாழைக்கு விடலாம். தேங்கி நாறும் குட்டையில் மட்டும் விடாதீர்கள். செத்த உயிர்கள் அழுகும் நீரில் உண்டாகும் நஞ்சால் வாத்தின் கழுத்து துவண்டு, தலையைத் தூக்க முடியாமல் மூழ்கியே இறந்துவிடும்.

கேள்வி (விருத்தாசலம்): வீட்டில் நிலக்கடலைப் பிண்ணாக்கு கொஞ்சம் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. வெயிலில் காயவைத்து வாத்துக்குப் போடலாமா, அம்மா கேட்கிறார்.

பதில்: குப்பைக்குழியில் போடச் சொல்லுங்கள். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சு வெயிலில் காய்ந்தாலும் போகாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்ததற்குக் காரணம் இதே நஞ்சு கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்குதான் என்று பிறகு கண்டறிந்தார்கள். கோழியைவிட வாத்துக்கு, அதிலும் குஞ்சுக்கு, இது மிகக் கொடியது. ஈரமான தவிட்டையும் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தையும் இதே கணக்கில் வையுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): காக்கி கேம்ப்பெல் வாத்து முட்டையிடுகிறது, அடை மட்டும் உட்காரவில்லை.

பதில்: அந்த இனத்தின் இயல்பு அது. அடைக்கோழியின் கீழ் வையுங்கள், 28 நாளில் பொரிக்கும். காலை ஒன்பது மணிவரை வாத்துகளைத் திறந்துவிடாமல் இருந்தால் முட்டைகளைப் புதரில் தேட வேண்டியிருக்காது.

கேள்வி (நாகர்கோவில்): வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: நலமாகத் தெரியும் பறவையின் எச்சத்திலும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். குஞ்சைத் தூக்கிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பிள்ளைகள் எதையும் தின்னக் கூடாது, குஞ்சுக்கு முத்தம் கொடுக்கவும் கூடாது. வாத்து முட்டையை அரைவேக்காடாகக் கொடுக்காமல் மஞ்சள்கரு கெட்டியாகும்வரை வேகவையுங்கள். ஒரே சமயத்தில் பல பறவைகள் காரணமின்றி இறந்தால் பறவைக்காய்ச்சலாகவும் இருக்கலாம் என்பதால், அவற்றை வெறுங்கையால் தொடாமலும், அறுத்துச் சமைக்காமலும், மிஞ்சியதைச் சந்தைக்கு அனுப்பாமலும், உடனே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள்.