மொய் நோட்டும் உறவுமுறைப் பாடமும்

அன்புள்ள ஐயா,

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. டெல்லியில் மானிடவியல் இளங்கலை முதலாண்டு படிக்கிறேன். உறவுமுறைப் பாடம்தான் உயிரை எடுக்கிறது. எம்.பி. (அம்மாவின் சகோதரன்), எஃப்.இசட். (அப்பாவின் சகோதரி), கிராஸ் கசின், பேரலல் கசின் என்று மனப்பாடம் செய்து தேர்வில் குழம்புகிறேன். கோடை விடுமுறையில் களப்பணி செய்து அறிக்கை தர வேண்டும். அந்தமான் அல்லது நீலகிரி போக ஆசை. எங்கள் ஊரில் ஆய்வு செய்ய என்ன இருக்கிறது? அப்பா கேட்பது வேறு: இதைப் படித்தால் என்ன வேலை?

ம.

அன்புள்ள ம.,

அப்பாவின் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். இந்திய அரசின் மானிடவியல் ஆய்வு நிறுவனம் 1945 முதல் இருக்கிறது. அருங்காட்சியகங்கள், தொண்டு நிறுவனங்கள் உண்டு. குடிமைப் பணித் தேர்வில் விருப்பப்பாடமாகவும் எடுக்கலாம். எதற்கும் முதுகலை வரை போவது நல்லது. போதும்.

அந்தமான் பழங்குடிக் காப்புப் பகுதிகளுக்குள் நீங்கள் நுழைய 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் விடாது, விடவும் கூடாது. நீலகிரித் தோடர்களைப் பற்றி ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் புத்தகம் போட்டது 1906இல். நோட்டோடு வருகிறவர்களைப் பார்த்து அவர்களுக்கும் அலுத்திருக்கும்.

ஆனால் "எங்கள் ஊரில் என்ன இருக்கிறது" என்று எழுதினீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. லூயி துமோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1949-50இல் கடல் கடந்து வந்து, உங்கள் பக்கத்துப் பிரமலைக் கள்ளர் நடுவே தங்கி, 1957இல் தடித்த புத்தகம் ஒன்று எழுதினார். திராவிட உறவுச்சொற்கள் பற்றிய அவருடைய கட்டுரை 1953இல் வந்தது. உங்களைப் படுத்துகிற பாடத்தின் ஒரு வேர் உங்கள் தாலுகாவில்தான் இருக்கிறது. அதை டெல்லிக்குப் போய் ஆங்கில எழுத்துகளாக உருப்போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்!

எம்.பி. என்றால் அம்மாவின் சகோதரன் என்று எழுதி, பக்கத்தில் 'மாமன்' என்று போடுகிறீர்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அம்மாவின் அண்ணன் தம்பி மாமன். அத்தை புருஷனும் மாமன். மாமனாரும் மாமாதான். ஆங்கிலக் கணக்கில் மூன்று ஆட்கள். ஒரே சொல்லில் எப்படி அடங்கினார்கள்? மூவரும் அப்பாவுக்கு மச்சான் முறை. துமோன் பிடித்தது இதைத்தான்: மாமன் என்பது கொண்டு கொடுத்த வழியில் வருகிற சொல். ஒரு பக்கம் அப்பா, பெரியப்பா, சித்தப்பா என்று பங்காளி வரிசை, எதிர்ப்பக்கம் மாமன் மச்சான் வரிசை. அண்ணன் தம்பி பிள்ளைகள் தங்களுக்குள் அண்ணன் தங்கை, அக்கா தங்கை பிள்ளைகளும் அப்படியே. அண்ணன் பிள்ளையும் தங்கை பிள்ளையும் என்றால் முறை வந்துவிடும். முன்னது உங்கள் பேரலல் கசின், பின்னது கிராஸ் கசின். அவ்வளவுதான், காதுகுத்து வீட்டில் விளையாடும் பிள்ளைக்கே தெரியும். அக்கா புருஷனையும் மாமா என்கிறோமே என்பீர்கள். தாய்மாமனே நம் அக்காளைக் கட்டுகிற வழக்கம் உள்ள வீடுகளை வைத்து யோசித்துப் பாருங்கள்.

இனி களப்பணி. வீட்டில் மொய் நோட்டு இருக்கும், எடுங்கள். ஊர், பெயர், தொகை என்று எழுதியிருக்கும். ஐம்பது பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் எந்த வழியில் சொந்தம், அவர் வீட்டுக்கு நீங்கள் திருப்பிச் செய்த செய்முறை என்ன என்று கேளுங்கள். பிறகு வரைபடம். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்குச் சமக்குறி, இறந்தவர் மேல் சாய்கோடு. பென்சிலில் போடுங்கள், அழிக்க வேண்டிவரும்.

கேட்கும்போது ரிவர்ஸின் சிக்கனம் நல்லது: அப்பா, அம்மா, பிள்ளை, புருஷன், பெண்டாட்டி என்ற சொற்களோடு நிறுத்துங்கள். "உங்க அண்ணன் யாரு?" என்று தொடங்கினால் பெரியப்பா மகனும் ஒட்டிக்கொண்டு வருவார். பெற்ற அப்பா அம்மாவைக் கேட்டு ஆளை நிலைநிறுத்திவிட்டு, அப்புறம்தான் "அவரை என்னன்னு கூப்பிடுவீங்க?" என்று கேட்க வேண்டும்.

விட்டுப்போகிறவர்கள் எப்போதும் ஒரே ஆட்கள்: சிறுவயதில் செத்த பிள்ளைகள், வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள், முதல் தாரம். மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பாட்டிகள் புருஷன் பேரைச் சொல்லமாட்டார்கள், பேரனிடம் கேட்டுக்கொள்ளலாம். தாத்தா பேர்தான் பேரனுக்கும் என்பதால் ஒரு படத்தில் மூன்று கருப்பசாமி வருவார்கள். ஆகவே ஆளுக்கு ஒரு எண். பெயர்ப்பட்டியல் வேறு நோட்டில் இருக்கட்டும், அறிக்கையில் எண் மட்டும் போகட்டும். அக்கா மகளைக் கட்டியவர் வந்தால் தலைமுறைக் கோடு கோணும். மாணவர்கள் அவரை இரண்டு இடத்தில் வரைந்து இரண்டு ஆளாக எண்ணிவிடுகிறார்கள். இரண்டு இடத்தில் வரையலாம், எண் ஒன்றாகவே இருக்க வேண்டும். வயது தெரியாதென்றால் வைகை அணை திறந்த 1959, எம்.ஜி.ஆர். இறந்த 1987 என்று பிடித்துக் கேளுங்கள். ஒருவர் சொன்னதை மறுபக்கத்துச் சொந்தத்திடமும் கேட்டுவிடுங்கள். மாமன் வீட்டில் சொல்கிற கதை வேறாக இருக்கும்.

குறிப்புக்கு இரண்டு பிரதி வையுங்கள், வேறு வேறு இடத்தில். மைசூர்க் கிராமம் ஒன்றை ஆராய்ந்த மானிடவியலாளர் எம்.என். சீனிவாஸ் தன் களக்குறிப்புகளின் மூன்று பிரதிகளையும் ஒரே இடத்தில் வைத்திருந்து, 1970இல் நெருப்பில் இழந்தார்.

அடுத்த வீட்டு மொய் நோட்டை இரவல் கேட்காதீர்கள், தரமாட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் கண்முன்னே எழுதுங்கள். போட்டோ வேண்டாம். தொகையைக் குறிக்காதே என்றால் குறிக்காதீர்கள்.