சின்னக் கடி என்று விட்டுவிடாதீர்கள்: நாய்க்கடி பற்றிக் கேள்வி பதில்

அரசு மருத்துவமனையில் நாய்க்கடி ஊசி போடும் அறையில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர் நான். கடலூர், புதுச்சேரி, பண்ருட்டி, பாகூர் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். வெறிநோய் என்கிற ரேபிஸ் வந்துவிட்டால் அதைக் குணமாக்க மருந்து இல்லை. ஆனால் கடிபட்ட பிறகும் அது வராமல் தடுக்க மருந்து இருக்கிறது, அரசு மருத்துவமனையில் காசில்லாமலே கிடைக்கிறது. உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பத்தில் நான்கு பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். தடுக்க முடிந்த சாவு என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூர், ஒரு தாய்: சிஸ்டர், என் ஏழு வயதுப் பையனை நேற்று சாயங்காலம் தெருவில் ஒரு நாய்க்குட்டி கடித்துவிட்டது. பல் லேசாகப் பட்டு ஒரு துளி ரத்தம்தான் வந்தது. பக்கத்து கிளினிக்கில் டி.டி. ஊசி போட்டாயிற்று. போதும்தானே?

போதாது அம்மா. இதைப் படித்ததும் பையனைக் கூட்டிக்கொண்டு மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். டி.டி. ஊசி ரண ஜன்னிக்கானது, ரேபிஸை அது தடுக்காது. "ஊசி போட்டாச்சு" என்ற நிம்மதியில் நிஜமான ஊசியைப் போடாமல் விட்டவர்கள் நிறைய. ஒரு துளி ரத்தம் வந்தாலும் அது மூன்றாம் வகைக் காயம், அதாவது எல்லாவற்றிலும் கடுமையான வகை. காயத்தின் அளவை வைத்து இதை முடிவு செய்வதில்லை. பல் தோலைத் துளைத்ததா, எச்சில் உள்ளே போனதா என்பதைத்தான் பார்ப்பார்கள். குட்டி நாய்க்கும் வெறிநோய் வரும். பையன் காயத்தை நேற்றே கழுவாமல் விட்டிருந்தால் இப்போதாவது கழுவிவிட்டுப் புறப்படுங்கள்.

அதே தாய்: கிளம்பிக்கொண்டே கேட்கிறேன். எப்படிக் கழுவ வேண்டும்? மஞ்சள் வைத்திருக்கிறேன், அது பரவாயில்லையா?

மஞ்சளைக் கழுவி எடுத்துவிடுங்கள். குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு முழுசாக 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் இரண்டு நிமிடம் ஆனாலே கால் மணி நேரம் ஆன மாதிரி தோன்றும், பிள்ளையும் அழும். குழாய் இல்லையென்றால் ஒருவர் சொம்பில் ஊற்ற ஒருவர் கழுவலாம். துணி சோப்பு கூடப் போதும். இந்தக் கிருமிக்கு வெளியே கொழுப்பால் ஆன ஓர் உறை இருக்கிறது. மீன் கழுவிய கைப்பிசுக்கை சோப்பு எடுக்கிற மாதிரி அந்த உறையையும் சோப்பு கரைத்துவிடும், கிருமி அங்கேயே செத்துப்போகும். கடிபட்ட இடத்தில் கிருமி இருக்கும்போதே, நரம்புக்குள் நுழைவதற்கு முன்பே, வீட்டிலேயே செய்யக்கூடிய வைத்தியம் இது. பிறகு பொவிடோன் அயோடின் என்கிற கிருமிநாசினி மருந்து இருந்தால் தடவலாம்.

சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பித் தூள், எண்ணெய் எதுவும் வேண்டாம். அவை காயத்தைப் புண்ணாக்கிக் கிருமியை உள்ளே தள்ளும். இறுக்கிக் கட்டுப் போடவும் வேண்டாம். தையலும் உடனே போடக் கூடாது. பெரிய காயத்துக்குத் தையல் தேவைப்பட்டால், காயத்திலேயே போடுகிற சீரம் என்ற எதிர்ப்பு மருந்தைப் போட்ட பிறகு மருத்துவர் தளர்த்தியாகப் போடுவார்.

வில்லியனூர், கல்லூரி மாணவர்: என் அண்ணனுக்குத் தடுப்பூசியோடு "சீரம்" என்று காயத்திலேயே ஒன்று போட்டார்கள். ரொம்ப வலித்தது என்றான். அது எதற்கு? தடுப்பூசி மட்டும் போதாதா?

தம்பி, நல்ல கேள்வி. தடுப்பூசி உடம்பிடம் "எதிர்ப்புச் சக்தியை நீயே உண்டாக்கு" என்று சொல்கிற மருந்து. அது உண்டாக ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகும். அதுவரை காயத்தில் இருக்கிற கிருமியை யார் தடுப்பது? அதற்குத்தான் சீரம். அதில் எதிர்ப்புப் பொருள் தயாராகவே இருக்கிறது. குதிரையிலிருந்து எடுப்பதும் உண்டு, மனிதரிடமிருந்து எடுப்பதும் உண்டு. இப்போது ஆய்வுக்கூடத்தில் தயாரித்த மருந்துகளும் வந்திருக்கின்றன. உடல் எடையைப் பார்த்து அளவு முடிவு செய்வார்கள். அதைக் காயத்துக்குள்ளும் காயத்தைச் சுற்றியும் செலுத்த வேண்டும். விரல் நுனி, உதடு, காது மடல் என்றால் வலிக்கத்தான் செய்யும். அந்த வலிக்குப் பயந்து "வேண்டாம், கையிலேயே போடுங்கள்" என்று கெஞ்சியவர்களை நான் பார்த்திருக்கிறேன். காயத்தில் போட்டால்தான் பலன்.

ரத்தம் வந்த எந்தக் கடிக்கும் சீரம் வேண்டும். முதல் நாளே போடுவது நல்லது. முடியாமல் போனால் முதல் தடுப்பூசி போட்டதிலிருந்து ஏழு நாளுக்குள் போட்டுவிட வேண்டும். தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும், ஆனால் சீரம் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. "இங்கே இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே போய்விடுங்கள். கடலூரில் தலைமை மருத்துவமனை, புதுச்சேரியில் ஜிப்மர் அல்லது இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை. எழுதிக் கொடுத்த சீட்டை மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

கடலூர் முதுநகர், மீன் வியாபாரி: அக்கா, துறைமுகத்தில் நாய்க்கூட்டம் அதிகம். எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியவர் நாய்க்கடிக்குப் பச்சிலை கொடுப்பார். ஐம்பது வருடமாகக் கொடுக்கிறார், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை எப்படித் தப்பு என்று சொல்வது?

பெரியவர் மனதறிந்து யாரையும் ஏமாற்றவில்லை, அது எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்கை யோசித்துப் பாருங்கள். கடிக்கிற எல்லா நாய்க்கும் வெறிநோய் இருப்பதில்லை. பெரும்பாலான நாய் பயத்தில் கடிக்கும், குட்டியைக் காக்கக் கடிக்கும், சாப்பாட்டுக்குச் சண்டை போட்டுக் கடிக்கும். வெறிநாய் கடித்தாலுங்கூட எல்லோருக்கும் நோய் வந்துவிடாது. ஆக, பச்சிலை சாப்பிட்டவரில் பெரும்பாலோர் அது இல்லாமலும் பிழைத்திருப்பார்கள். நோய் நிஜமாகவே உள்ளே போன ஒருவருக்குப் பச்சிலை ஒன்றும் செய்யாது. அவர் இரண்டு மாதம் கழித்து எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் இறக்கும்போது, அந்தச் செய்தி பச்சிலை கொடுத்தவர் காதுக்குப் போவதே இல்லை. அதனால்தான் அவருக்கு "ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்று தோன்றுகிறது.

பெரியவரிடம் சண்டை போடாதீர்கள். "முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, ஊசி போட்டுவிட்டு வா" என்று வருகிறவர்களிடம் அவரையே சொல்லச் சொல்லுங்கள். துறைமுகத்தில் என் பேச்சை விட அவர் பேச்சுக்கு மதிப்பு அதிகம், அது பல உயிரைக் காப்பாற்றும்.

நெல்லிக்குப்பம், ஓய்வு பெற்ற ஊழியர்: எனக்குச் சின்ன வயதில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டார்கள். அந்தப் பயத்தில் இப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போக மனம் வரவில்லை.

ஐயா, அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய மருந்து. 2005-க்குப் பிறகு இந்தியாவில் அது கிடையாது. இப்போது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்லிலிருந்து தயாரிக்கிறார்கள். நம் நீலகிரியில் 1907-ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் அந்தக் காலத்தில் ஆட்டு மூளை மருந்து தயாரித்து, பிறகு செல் மருந்துக்கு மாறியதுதான்.

அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் முறை. இரண்டு தோளிலும் 0.1 மில்லி வீதம், 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், ஆக நான்கு தடவை போனால் போதும். முதல் ஊசி போடும் நாள்தான் 0. தனியாரில் பெரும்பாலும் தசையில் போடுவார்கள், அதற்கு 0, 3, 7, 14, 28 என ஐந்து தடவை. குட்டிக் குழந்தைக்குத் தொடையில் போடுவார்கள். பிட்டத்தில் மட்டும் போடக் கூடாது, அங்கே கொழுப்பு அதிகம் என்பதால் மருந்து சரியாக வேலை செய்யாது. யாராவது அங்கே போட வந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

பாகூர், விவசாயி: எங்கள் வீட்டு நாய்தான் கடித்தது. அதற்கு வருடாவருடம் ஊசி போடுகிறோம். பத்து நாள் பார்த்துவிட்டு, நாய்க்கு ஏதாவது ஆனால் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

ஊசியை இன்றே ஆரம்பித்துவிட்டு நாயைப் பத்து நாள் பாருங்கள். பத்து நாளும் நாய் நன்றாகச் சாப்பிட்டு நல்லபடியாக இருந்தால், மருத்துவர் மிச்ச ஊசியை மாற்றியமைப்பார். நோய் வந்த நாயின் எச்சிலில் அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்பே கிருமி வந்துவிடும். அறிகுறி வந்தால் பத்து நாளுக்குள் நாய் இறந்துவிடும், அதனால்தான் பத்து நாள் கணக்கு. இது நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே பொருந்தும். தெருநாயை யார் பத்து நாள் பின்தொடர்வது? அங்கே இந்தக் கணக்கையே நினைக்காதீர்கள்.

இன்னொன்று. வெறிநாய் என்றால் நுரை தள்ளிக்கொண்டு ஓடி ஓடிக் கடிக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஊமையாக ஒடுங்குகிற வகையும் உண்டு. நாய் மூலையில் படுத்துக்கொள்ளும், தாடை தொங்கிவிடும், விழுங்க முடியாது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கை விடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பண்ருட்டி, கறவை மாடு வைத்திருப்பவர்: எங்கள் பசுவை வெறிநாய் கடித்துவிட்டது. அதற்குள் பால் கறந்து அக்கம்பக்கம் கொடுத்துவிட்டோம். எல்லோரும் பயப்படுகிறார்கள்.

காய்ச்சிய பால் குடித்தவர்களுக்கு ஊசி தேவையில்லை, பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். பசுவின் காயத்தையும் சோப்புப் போட்டுக் கழுவி, கால்நடை மருத்துவரிடம் சொல்லி அதற்கும் தொடர் ஊசி போடுங்கள். அதன் வாயில் கை விட்டு மருந்து ஊட்டியவர், எச்சில் கையில் பட்டுக் கையில் கீறலும் இருந்தவர் யாராவது இருந்தால் அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அரியாங்குப்பம், ஒரு பெண்: நான் ஐந்து மாத கர்ப்பிணி. பூனை பிராண்டிவிட்டது. ஊசி போடலாமா? பத்தியம் உண்டா?

போடலாம், போட வேண்டும். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் இந்த ஊசி பாதுகாப்பானது. பத்தியம் கிடையாது. மீன், கறி, முட்டை எல்லாம் சாப்பிடலாம். குரங்கு கடித்தாலும் இதேதான். வீட்டு எலி, அணில் கடிக்குப் பொதுவாகத் தேவைப்படாது.

குறிஞ்சிப்பாடி, பெயர் சொல்ல விரும்பாதவர்: இரண்டு மாதம் முன்பு காலில் கடித்தது. ஊசி போடவில்லை. இப்போது போனால் திட்டுவார்களோ என்று தயக்கம். காலம் கடந்துவிட்டதா?

கடந்துவிடவில்லை. நாளைக் காலையில் போய் ஓ.பி. சீட்டு எடுங்கள். யாராவது ஒரு வார்த்தை கடிந்து பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள், உயிரை விட அது பெரிதல்ல. கடித்ததிலிருந்து நோய் வர பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருடம் தாண்டியும் வந்திருக்கிறது. முகம், தலை, கழுத்தில் கடித்தால் மூளை பக்கம் என்பதால் சீக்கிரம் வரலாம். இன்றுதான் கடித்தது போல நினைத்துத் தடுப்பூசியும் சீரமும் போடுவார்கள். கடித்த நாயை இப்போது காணவில்லை, அது உயிரோடு இருக்கிறதா தெரியவில்லை என்றால் இன்னும் அவசரம். ஆறிப்போன தழும்பில் குறுகுறுப்பு, எரிச்சல் தோன்றியிருந்தால் நாளைக் காலை வரைகூடக் காத்திருக்காதீர்கள்.

தேவனாம்பட்டினம், பள்ளி ஆசிரியை: பிள்ளைகளுக்கு வகுப்பில் என்ன சொல்லித் தரலாம்?

டீச்சர், முதலில் ஒன்றைச் சொல்லுங்கள்: "நாய் கடித்தாலோ பிராண்டினாலோ வீட்டில் சொன்னால் அடி விழாது." இதைப் பெற்றோர் கூட்டத்திலும் சொல்லுங்கள். நாயோடு விளையாடாதே என்று சொல்லியும் விளையாடினோமே என்ற பயத்தில் பிள்ளைகள் காலைப் பாவாடைக்குள் மறைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் தெரிய வரும்போது நாள் கடந்திருக்கும். அப்புறம், நாய் துரத்தினால் ஓடாமல் அசையாமல் நிற்பது, தூங்குகிற நாயையும் குட்டி போட்ட நாயையும் சீண்டாமல் இருப்பது, கீழே விழுந்துவிட்டால் சுருண்டு முகத்தையும் கழுத்தையும் கையால் மூடிக்கொள்வது. பள்ளிக் குழாயடியில் எப்போதும் ஒரு சோப்பு இருக்கட்டும்.

கடலூர் வண்டிப்பாளையம், குடியிருப்போர் சார்பில்: தெருநாய்களைப் பிடித்துக்கொண்டு போய் மறுபடி அதே தெருவில் விடுகிறார்கள். மொத்தமாக அப்புறப்படுத்தினால் என்ன?

உங்கள் கோபம் நியாயமானது. கடிபட்ட பிள்ளையின் காயத்தைக் கழுவியவள் நான், அதனால் "நாய் பாவம்" என்று மட்டும் சொல்லி முடிக்க மாட்டேன். ஆனால் 2023-ல் வந்த விலங்குக் கருத்தடை விதிகள் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு அதே இடத்தில் விடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குப்பையும் மீன் கழிவும் இருக்கிறவரை காலியான இடத்துக்கு வேறு தெருவிலிருந்து நாய் வரும், அதற்கு ஊசி போட்டிருக்காது. ஓர் ஊரில் பத்துக்கு ஏழு நாய்க்காவது தொடர்ந்து தடுப்பூசி போட்டால் நோய் பரவுகிற சங்கிலி அறுந்துவிடும். மெக்சிகோ இப்படித்தான் நாய்வழி ரேபிஸ் சாவை ஒழித்து, 2019-ல் உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றும் வாங்கியது. இலங்கையில் 1970-களில் ஆண்டுக்கு முந்நூறுக்கு மேல் செத்தார்கள், நாய்களுக்கு ஊசி போடப் போட அந்த எண்ணிக்கை பெருமளவு குறைந்துவிட்டது.

ஆகவே மாநகராட்சியிடம் "நாயைத் தூக்கு" என்று மனுக் கொடுப்பதை விட, "எங்கள் வார்டில் எத்தனை நாய், எத்தனைக்கு ஊசி போட்டீர்கள், அடுத்து எப்போது?" என்று எழுதிக் கேளுங்கள். வீட்டு நாய் வைத்திருப்பவர்கள் மூன்று மாதக் குட்டியிலேயே ஊசி ஆரம்பித்து வருடாவருடம் போடட்டும். செப்டம்பர் 28, உலக ரேபிஸ் நாளை ஒட்டிக் கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடப்பது வழக்கம்.

முள்ளோடை, வேன் ஓட்டுநர்: இரண்டு ஊசி போட்டுவிட்டேன். ஏழாம் நாள் ஊசி போட வேண்டிய அன்று வண்டி சவாரி, தவறிவிட்டது. முதலிலிருந்து போட வேண்டுமா? அடுத்த மாதம் வேறு ஊரில் இருப்பேன்.

முதலிலிருந்து வேண்டாம். தவறிய ஊசியை நாளைக்கே போடுங்கள், அடுத்த ஊசி என்றைக்கு என்று அட்டையில் எழுதி வாங்குங்கள். எந்த ஊர் அரசு மருத்துவமனையிலும் அட்டையைக் காட்டி மிச்சத்தைப் போட்டுக்கொள்ளலாம். தோலுக்குள் ஆரம்பித்தால் கூடியவரை தோலுக்குள்ளேயே முடியுங்கள், வழியில்லாதபோது முறை மாறினாலும் தொடருங்கள், நிறுத்த வேண்டாம். முடிந்ததும் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். பின்னால் எப்போதாவது மறுபடி கடித்தால், முழுசாகப் போட்டதற்கு அதுதான் அத்தாட்சி. அப்போது 0, 3 என்று இரண்டு நாள் ஊசி மட்டும் போதும், சீரம் தேவைப்படாது. வண்டியின் ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.