பாதீடு முடியமுன்னம் போங்கோ: சபை, வீதி, வாய்க்கால் கேள்வி பதில்

புதுக்குடியிருப்பிலிருந்து: அண்ணை, ஒவ்வொரு மாரிக்கும் எங்கட கிரவல் வீதி வெட்டுப்பட்டுப் போகுது. மகஜர் குடுத்துக் களைச்சிட்டம்.

முதல்ல வீதி ஆற்றை எண்டு பாருங்கோ. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. உள்வீதிகள் பெரும்பாலும் பிரதேச சபைக்கு. குளக்கட்டு, வயல்பாதை எண்டால் நீர்ப்பாசனம், கமநலம் ஆகிய பக்கங்களிலையும் விசாரியுங்கோ. இடம்மாறிப் போன மகஜர் கோப்புக்குள்ளயே கிடந்திடும்.

சபை வீதியெண்டால் அவையின்ர வீதிப் பதிவில பேர் இருக்கோ எண்டு கேளுங்கோ. 'திருத்தித் தாருங்கள்' எண்ட ஒற்றை வரி உதவாது. நீளம், அகலம், வெள்ளம் குறுக்கறுக்கிற இடம், பாவிக்கிற குடும்பங்கள் எல்லாம் எழுதி, படமும் வையுங்கோ. மதகும் வடிகாலும் இல்லாமல் கிரவல் மட்டும் பரவினால் அடுத்த மழையே அள்ளிக்கொண்டு போயிடும். அதனால மதகைத்தான் முதல்ல கேளுங்கோ. நிதியாண்டு ஜனவரியில தொடங்குது. ஆவணி, புரட்டாதிக்குள்ள கடிதம் சபையில இருந்தால்தான் பாதீட்டில, அதாவது அடுத்த வருச வரவுசெலவுத் திட்டத்தில, ஏற வழியுண்டு. மாரி வெள்ளத்துக்குப் பிறகு குடுத்தால் ஒரு வருசம் பிந்தும்.

கரைச்சியிலிருந்து: உறுப்பினர் அல்லாத ஆக்கள் சபைக் குழுவில இருக்கலாமோ?

ஓம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் குழுக்களில ஊரவரைச் சேர்க்க இடம் குடுக்குது. இந்த வாசலை எங்கட சங்கங்கள் கட்டாயம் பாவிக்கவேணும். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் கூட்டத்தில பேர் தெரிவுசெய்து, அந்தக் கூட்டக் குறிப்போட தவிசாளருக்கு எழுதுங்கோ. குழு சொல்லுறது ஆலோசனைதான். முடிவு சபையின்ர கையில. அதால உங்கட வட்டார உறுப்பினரைக் கொண்டு பிரேரணையாக்கி, கூட்ட அறிக்கையில பதிவியுங்கோ.

முத்தையன்கட்டிலிருந்து: ஐயா, சிறுபோகத் தண்ணி எங்கட கடைசி வாய்க்காலுக்கு வாறேல்லை.

எத்தனை ஏக்கர், எப்ப தண்ணி திறக்கிறது, எத்தனை மாத நெல் எண்டதெல்லாம் போகத்துக்கு முன்னம் நடக்கிற பயிர்ச்செய்கைக் கூட்டத்திலதான் முடிவாகுது. கடைசி வாய்க்கால்காரர் கமக்கார அமைப்பு மூலம் அங்க போய், தண்ணி முறை நாளை எழுத்தில கேளுங்கோ. அனுமதிச்ச ஏக்கருக்கு மேல மேற்பக்கத்தில விதைச்சால் கடைசிக் காணிதான் காயும். கூடுதல் விதைப்பை ஆர் பாக்கிறது எண்டதையும் அண்டைக்கே தீர்மானியுங்கோ.

மாங்குளத்திலிருந்து: வேலைக்கெண்டு சபை ஒதுக்கின காசு எங்க போனதெண்டு கேக்கலாமோ அண்ணை?

கேக்கலாம் தம்பி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி சபையின்ர தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கோ. காரணம் சொல்லத் தேவையில்லை. 'ஏன் செய்யேல்லை' எண்டு கேளாதேங்கோ. மதிப்பீடு, ஒப்பந்தம், கொடுப்பனவு ஆகியவற்றின்ர பிரதியைக் கேளுங்கோ. தருவமோ இல்லையோ எண்ட முடிவை 14 வேலைநாளுக்குள்ள அறிவிக்கவேணும். மறுத்தால் 14 நாளுக்குள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (மேன்முறையீட்டைப் பாக்கவெண்டு நியமிச்சவர்) மேன்முறையீடு செய்யுங்கோ. விண்ணப்பம் குடுத்ததுக்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் வீட்டை வராதேங்கோ.