கேட்டதும் சொன்னதும்: ஷெரிப்பின் பொய்யும் தண்டலின் பொய்யும்

கேள்வி (வாசகி, ரவாங்): டீச்சர், 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலைப் போன வாரம்தான் முடித்தேன். ஊரே எதிர்த்தாலும் உண்மைக்காக நின்ற வக்கீல் அட்டிகஸ், கடைசியில் ஊர்ப் போலீஸ் தலைவரான ஷெரிப் சொல்கிற ஒரு பொய்க்கு ஒத்துக்கொள்கிறார். எனக்குக் கோபமாக வந்தது. அதுவரை கட்டியதை ஆசிரியரே இடித்துவிட்டாரா?

பதில்: கோபம் வந்தது என்று எழுதினீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு தே தாரிக் வாங்கித் தர வேண்டும். கடைசிப் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம். 1982-இல், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விடுதியில் இதை முதல்தடவை படித்தபோது நானும் அப்படித்தான் மூடினேன். கோபம் வர எனக்கு இன்னும் பல வருஷம் ஆனது.

படிக்காதவர்களுக்காகக் கதை சுருக்கமாக. ஹார்ப்பர் லீ 1960-இல் வெளியிட்ட நாவல் இது. அமெரிக்காவின் அலபாமா மாநிலம், 1930-கள், மேகோம் என்ற கற்பனைச் சிற்றூர். கதையைச் சொல்வது ஸ்கவுட் என்ற சிறுமி. அண்ணன் ஜெம். அப்பா அட்டிகஸ் வக்கீல். டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி தன் மகளைக் கெடுத்துவிட்டான் என்று பாப் யூவல் என்ற வெள்ளைக்காரன் புகார் கொடுக்கிறான். அந்தப் பெண்ணின் முகத்தில் அடிபட்டது வலப்பக்கம். அடித்தவன் இடக்கைக்காரனாக இருக்க வேண்டும். டாமின் இடக்கையோ சின்ன வயதில் பஞ்சு மெஷினில் சிக்கிச் செயலற்றுப் போனது. யூவல்தான் இடக்கைக்காரன். இவ்வளவும் கோர்ட்டில் தெரிந்த பிறகும் ஜூரி டாமைக் குற்றவாளி என்கிறது. சிறையிலிருந்து தப்ப ஓடியவனைக் காவலர்கள் சுட்டுக் கொல்கிறார்கள், உடம்பில் 17 குண்டு. கோர்ட்டில் தன் மானம் போனதற்குப் பழிவாங்க, ஹாலோவீன் இரவில் யூவல் வக்கீலின் பிள்ளைகள் மீது பாய்கிறான். காப்பாற்றுகிறவர் பூ ராட்லி. பல வருஷமாக வீட்டைவிட்டு வெளியே வராமல், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பூச்சாண்டியாக இருந்த அதே தெருக்காரர். யூவல் கத்திக் குத்தோடு செத்துக் கிடக்கிறான். ஷெரிப் ஹெக் டேட் வந்து பார்த்துவிட்டு, "அவனே தன் கத்தி மேல் விழுந்துவிட்டான்" என்கிறார். நீங்கள் சொல்கிற பொய் இதுதான்.

முதலில் அட்டிகஸ் பக்கம் கொஞ்சம் பேசிவிடுகிறேன். அவர் சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை. ஷெரிப் காப்பாற்றப் பார்ப்பது ஜெம்மைத்தான் என்று அவர் நினைக்கிறார். என் மகனுக்காக எதையும் மூடி மறைக்க வேண்டாம், எல்லாம் வெளிப்படையாக நடக்கட்டும் என்று பிடிவாதமாக நிற்கிறார். ஷெரிப் சொல்வது பூ ராட்லியைப் பற்றி என்று புரிந்த பிறகுதான் தரையையே பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறார். தன் பிள்ளைக்கு வேண்டாம் என்றதை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கிறார். நேர்மையில் இதுவும் ஒரு வகை என்று சொல்லலாம். நான் பல வருஷம் அப்படித்தான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு விஷயம். பூ ராட்லியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோயிருந்தாலும் ஜெயிலில் போட்டிருக்க மாட்டார்கள். குழந்தைகளைக் காப்பாற்றியவர் அவர். ஷெரிப் பயப்படுவது நன்றிக்கு. ஊர்ப் பெண்களெல்லாம் கேக் செய்து எடுத்துக்கொண்டு அந்தக் கூச்ச சுபாவக்காரரின் கதவைத் தட்டுவார்கள், அவரை வெளிச்சத்துக்கு இழுப்பது பாவம் என்கிறார். அப்போது ஸ்கவுட் சொல்கிறாள், அது மாக்கிங்பேர்ட் பறவையைச் சுடுகிற மாதிரிதானே என்று. பாட்டு மட்டும் பாடுகிற அதைக் கொல்வது பாவம் என்று அப்பா முன்பு சொல்லிக் கொடுத்த பாடத்தை அவருக்கே திருப்பிச் சொல்கிறாள்.

அழகாகத்தான் இருக்கிறது. என் உறுத்தல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

1971-இல் எனக்கு ஒன்பது வயது. கதை முடியும்போது ஸ்கவுட்டுக்கும் கிட்டத்தட்ட அந்த வயதுதான். மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். (இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பலகை மாறிவிட்டது. பஸ்ஸில் ஏறினால் எங்கள் வாயில் இன்னும் பழைய பேர்தான் வரும்.) அப்பா பால் மரம் வெட்டுகிறவர், அதாவது பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுக்கிறவர். ஒருநாள் பால் எடுக்கிற நேரத்தில் அவருடைய காட்டுப்பக்கம் மட்டும் மழை கொட்டியது. பால் வடிகிற மங்கில் இருந்ததைக் காப்பாற்றின மட்டும் வாளியில் ஊற்றி, தோளில் காண்டாக் கம்பில் சுமந்துகொண்டு ஸ்டோருக்குப் போனார். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி, பாலின் அடர்த்தியை அளக்கிற மெட்ரோலாக்கைப் பாலில் விட்டுப் பார்த்தார். பால் நீர்த்திருந்தது. "ஆத்துத் தண்ணியக் கலந்துட்டியா?" என்று கேட்டு நோட்டில் எழுதினார். ஸ்டோர் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை. அப்பாவோடு அதே மரத்தடியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நனைந்து நின்றவர் ஒருவர் உண்டு, வேலையை மேற்பார்க்கிற தண்டல். துரை அவரைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "எனக்குத் தெரியாதுங்க தொரே" என்றார். அப்பாவுக்குப் பதினான்கு நாள் வேலை இல்லை. வேலைக்கு வந்த நாளைக் குறிக்கிற செக்ரோலில் பதினான்கு கட்டம் வெறுமையாகக் கிடந்தது.

இரண்டு வருஷம் கழித்து, கிராணியின் மகன் ராத்திரியில் தோட்டத்து டிராக்டரை எடுத்துக்கொண்டு பட்டணத்தில் படம் பார்க்கப் போய், திரும்பும்போது பெரிய வடிகாலில் இறக்கிவிட்டான். லயத்தில் எல்லாருக்கும் தெரியும். துரை விசாரித்தபோது அதே தண்டல் முன்னால் வந்து, "பிரேக் சரியில்லீங்க தொரே, நேத்தே நான் பாத்தேன்" என்றார். பையன் தப்பித்தான். அன்றைக்கு ராத்திரி அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மாவிடம் சொன்னார்: "அவருக்கும் பொய் சொல்ல வருது, பாத்தியா."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் நாவலின் முப்பதாம் அத்தியாயத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல் கேட்கும். என் அப்பாவுக்குப் போனது பதினான்கு நாள் கூலி, டாமுக்குப் போனது உயிர். இரண்டையும் ஒரே தராசில் வைக்கவில்லை. தண்டலையும் ஷெரிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

ஹெக் டேட் கெட்டவர் இல்லை. ஆனால் டாமை யூவலின் வாய்ச்சொல்லை வைத்துப் பிடித்துக்கொண்டு போனவரும் இதே டேட்தான். டாக்டரைக் கூப்பிட்டீர்களா என்று கோர்ட்டில் அட்டிகஸ் கேட்கிறார். இல்லை என்கிறார் டேட். அந்த ஒரு டாக்டர் வந்திருந்தால் வழக்கே இருந்திருக்காது. அன்றைக்குச் சட்டத்தை வளைக்க வேண்டிய அவசியம்கூட அவருக்கு இல்லை, ஒழுங்காகச் செய்திருந்தாலே போதும். பூ ராட்லிக்காக மட்டும் எந்தக் கத்தி எங்கிருந்து வந்தது என்பதுவரை யோசித்து ஒரு கதையைக் கட்டுகிறார். காரணமில்லாமல் ஒரு கறுப்பன் செத்தான், அதற்குக் காரணமானவனும் செத்தான், கணக்கு முடிந்தது என்கிற மாதிரிப் பேசுகிறார். யாருடைய கணக்கு?

டாமும் இரக்கப்பட்டவன்தான். அந்தப் பெண்ணுக்கு யாரும் இல்லை என்று பாவப்பட்டு விறகு வெட்டிக் கொடுத்தேன் என்று கூண்டில் நின்று சொல்கிறான். ஒரு கறுப்பன் வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்துப் பாவப்பட்டதே அவனுக்கு எதிராகத் திரும்புகிறது. அவன் செய்த உதவியை ஊர் நடுக்கோர்ட்டில் விரித்துக் காட்டுகிறார்கள். பூ ராட்லி செய்த உதவியை மரியாதையோடு இருட்டில் மூடி வைக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது தோலின் நிறம்.

அப்புறம் அந்தத் திண்ணைக் காட்சி. ஸ்கவுட் பூ ராட்லியை வீடுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு, அவர் வீட்டு வாசலில் நின்று தன் தெருவைத் திரும்பிப் பார்க்கிறாள். இத்தனை வருஷம் அவர் தங்களை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று புரிகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம், மறுக்கவில்லை. ஆனால் அவள் எந்த வீட்டு வாசலில் நிற்கவில்லை என்றும் பாருங்கள். டாம் செத்த செய்தியை அவன் மனைவி ஹெலனிடம் சொல்ல அட்டிகஸ் போகும்போது ஸ்கவுட் கூடப் போகவில்லை. ஹெலன் மண்ணில் சுருண்டு விழுந்ததை டில் என்ற பையன் சொல்லித்தான் பிறகு தெரிந்துகொள்கிறாள். அந்த வாசலில் நின்று மேகோமைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதை நாவல் நமக்குக் காட்டுவதில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு: ஆசிரியர் இடித்துவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. இது நிம்மதியான முடிவு என்றும் நினைக்கவில்லை. ஷெரிப்பின் பொய் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பொய் ஒரு வீட்டுக்கு மட்டும் கிடைத்ததே என்றுதான் வயிறு எரிகிறது. இன்னொன்றும் தோன்றுகிறது. நாவலை முடித்த கையோடு முதல் வரிக்குத் திரும்புங்கள். யூவல் பாய்ந்த அந்த இரவில் ஜெம்மின் கை முழங்கையில் உடைந்த சேதி அங்கே இருக்கும். ஆறிய பிறகும் அவனுடைய இடக்கை வலக்கையைவிடக் கொஞ்சம் குட்டைதான். டாமின் இடக்கையும் வலக்கையைவிடப் பன்னிரண்டு அங்குலம் குட்டை. ஜெம் அந்தக் கையோடுதான் வளர்ந்து பெரியவனாகிறான். எனக்கு முடிவு அங்கேதான் இருக்கிறது.

கேள்வி (வாசகர், தெலுக் இந்தான்): யூவலைக் குத்தியது பூ ராட்லிதான் என்று நாவலில் எங்குமே நேராகச் சொல்லவில்லையே?

பதில்: சொல்லவில்லை. ஸ்கவுட் பன்றித்தொடை மாதிரிச் செய்த நாடக உடைக்குள் மாட்டிக்கொண்டிருந்தாள், எதையும் பார்க்கவில்லை. ஜெம்முக்கு நினைவில்லை. பூ ராட்லி அன்றிரவு பேசுவதே ஒரே ஒரு வாக்கியம், என்னை வீட்டில் கொண்டுபோய் விடுகிறாயா என்று. ஆனால் யூவலின் உடம்பில் இருந்தது சமையலறைக் கத்தி. மடக்குக் கத்தி ஒன்றும் ஷெரிப்பிடம் இருக்கிறது. குடிகாரன் ஒருவனிடம் பிடுங்கியது என்கிறார். குடிகாரன் யார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (வாசகி, சுங்கை சிப்புட்): மாக்கிங்பேர்டுக்குத் தமிழில் என்ன பெயர்? என் மாணவர்களுக்கு எப்படிச் சொல்வது?

பதில்: அது அமெரிக்கப் பறவை. மற்றப் பறவைகளின் குரலை அப்படியே பாடும். நம் ஊர்ப் பெயர் எதையும் ஒட்டவைக்காதீர்கள். நம் பக்கத்துப் பாட்டுப் பறவையான முரை என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும், நாங்கள் லாஸ்டிக்கை (கவண்) வைத்துக்கொண்டு துரத்தியதும் அதைத்தான். ஆனால் முரை வேறு, இது வேறு. தோட்டத்தை நாசம் செய்யாமல் பாட்டு மட்டும் பாடுகிறது, அதனால் கொல்வது பாவம் என்பதுதான் கதைக்கு வேண்டியது. டாம் செத்ததும் பத்திரிகைக்காரர் அண்டர்வுட் அதைப் பாட்டுப் பறவைகளைக் கொல்வதோடு ஒப்பிட்டு எழுதுகிறார். கடைசியில் ஸ்கவுட் அதே உவமையைப் பூ ராட்லிக்கு எடுத்துக்கொள்கிறாள்.

பூ ராட்லிக்கு என்னைக் கேட்டால் நான் ஆந்தையைச் சொல்வேன். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட பிறகு, எலியைப் பிடிக்கட்டும் என்று தோட்டத்தில் ஆந்தைக்குப் பெட்டி வைத்தார்கள். லயத்துப் பக்கம் வைக்கக் கூடாது, அலறினால் சாவு விழும் என்று எங்கள் பெண்கள் சண்டைக்கே போனார்கள். அது பாட்டுக்கு ராத்திரியில் வந்து எலியைத் தின்றுவிட்டுப் போனது.

கேள்வி (வாசகர், கிள்ளான்): 2015-இல் வந்த ஹார்ப்பர் லீயின் இன்னொரு நாவலான 'கோ செட் எ வாட்ச்மேன்'-இல் அட்டிகஸ் இனவாதியாக வருகிறாராமே? படிக்கலாமா?

பதில்: படிக்கலாம், தொடர்ச்சி என்று நினைத்துப் படிக்காதீர்கள். அது 1950-களில், இதற்கு முன்பே எழுதிய பிரதி. அட்டிகஸைத் தெய்வமாக்கி வைத்திருந்தவர்கள் உடைந்துபோனார்கள். எனக்கு அவ்வளவு அதிர்ச்சி இல்லை.

கேள்வி (தாய், புக்கிட் ரோத்தான்): மகளுக்குப் பதின்மூன்று வயது. கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள். வழக்கு என்ன வழக்கு என்பதை முன்னாலேயே உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள், நடுவில் கேட்டுத் திணறவேண்டாம். முதல் நூறு பக்கம் மெதுவாகத்தான் போகும், அலுத்துக்கொள்வாள், விட்டுப்பிடியுங்கள். 21-ஆம் அத்தியாயத்தில் தீர்ப்பு வருகிறது. அதுவரை என்ன தீர்ப்பு என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். புத்தகம் கிடைக்காவிட்டால் என்னிடம் ஒன்று இருக்கிறது, அட்டை இல்லை. பசார் பக்கம் வரும்போது வீட்டுக்கு வாருங்கள்.