கோல்ஃப் ஸ்விங்கைத் திருத்திக்கொள்ள யாரிடம் கருத்துக் கேட்பது?

ஸ்விங்கை, அதாவது கிளப் என்கிற கோல்ஃப் மட்டையை வீசும் விதத்தை, வீடியோ எடுத்து நான்கு பேரிடம் காட்டியதாகவும், நால்வரும் நான்கு விதமாகச் சொன்னதாகவும், இப்போது ஆட்டம் முன்பைவிட மோசம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நானும் அந்தக் குழியில் விழுந்து எழுந்தவன்தான்.

என் நோய் ஸ்லைஸ். டிரைவர் என்கிற, தூரமாக அடிப்பதற்கான நீளக் கிளப்பால் அடித்தால் பந்து நேராகப் புறப்பட்டுப் பாதி வழியில் வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய்விடும். கூட ஆடுகிறவர்களிடம் வீடியோவைக் காட்டினேன். தலையை ஆட்டாதே என்றார் ஒருவர். இடது முழங்கையை மடக்காதே என்றார் இன்னொருவர். இடுப்பை வேகமாகத் திருப்பு, பிடியை மாற்று, மூச்சை விடு என்று பட்டியல் நீண்டது. நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் செய்தேன். பந்து மட்டும் மரங்களை மறக்கவில்லை.

கடைசியில் ஒரு பயிற்சியாளரிடம் போனேன். அவர் வீடியோவைப் பார்க்கவே இல்லை. பந்து எந்தத் திசையில் புறப்படுகிறது, எந்தப் பக்கம் வளைகிறது, கிளப் முகத்தில், அதாவது பந்தை அடிக்கும் பரப்பில், எந்த இடத்தில் படுகிறது என்று கேட்டார். முதல் இரண்டுக்குப் பதில் இருந்தது. மூன்றாவதற்கு விழித்தேன். பாதத்துக்கு அடிக்கிற பவுடர் ஸ்பிரே ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, டிரைவரின் முகத்தில் மெல்லிய வெள்ளைப் பூச்சாக அடித்தார். பத்துப் பந்துகள் அடித்தேன். நடுப்பகுதியில் பூச்சு கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. தண்டு வந்து சேர்கிற குதிகால் பக்கத்தில்தான் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து வெள்ளை உதிர்ந்திருந்தது.

டிரைவர் குதிகால் பக்கம் பட்டால், கிளப்பின் தலை அடிபட்ட கணத்தில் லேசாகத் திரும்பி, பந்தை வலப்பக்கம் வளைக்கும் சுழற்சியைக் கொடுத்துவிடும். நுனிப் பக்கம் பட்டால் இதற்கு நேர்மாறு. என் முழங்கையும் மூச்சும் இத்தனை மாதம் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்திருக்கின்றன! பந்துக்குச் சற்று அப்பால் ஒரு டீயை (பந்தைத் தாங்கத் தரையில் குத்தும் சிறு குச்சி) நட்டு, அதைத் தொடாமல் பந்தை மட்டும் அடிக்கச் சொன்னார். தடங்கள் மெல்ல நடுவுக்கு வந்தன. ஸ்லைஸ் முழுதாகப் போய்விடவில்லை. மரம்வரை போவது நின்றது.

வீடியோ பார்த்தவர்கள் ஏன் இதைச் சொல்லவில்லை? அவர்கள்மேல் தவறில்லை. கிளப் மேலிருந்து இறங்கிப் பந்தைத் தொட ஏறத்தாழ கால் நொடி ஆகிறது. நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் அது ஏழெட்டுப் படங்கள், அவையும் கலங்கல். 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில்கூட இரண்டு படங்களுக்கு நடுவே 0.004 நொடி இடைவெளி உண்டு. கிளப்பும் பந்தும் ஒட்டியிருப்பதோ சுமார் 0.0005 நொடிதான். பந்தின் தலையெழுத்தை எழுதும் கணம் அந்த இடைவெளியில் நழுவிவிடுகிறது. கண்ணுக்குத் தெரிவது தலையும் முழங்கையும். அதனால் எல்லோரும் அவற்றைப் பற்றியே பேசுகிறார்கள்.

ஆகவே முதலில் பந்திடம் கேளுங்கள். பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கிளப் முகம் பார்க்கும் திசை. வளைவைத் தீர்மானிப்பது, முகத்துக்கும் கிளப் வீசப்படும் பாதைக்கும் உள்ள வேறுபாடு. அதோடு பந்து முகத்தில் பட்ட இடம். அயர்ன் என்கிற உலோகத் தகட்டுத் தலைக் கிளப் என்றால் புல்லில் ஒரு கோடு போட்டு அதன்மேல் பந்தை வையுங்கள். பெயர்ந்த மண் கோட்டுக்கு முன்னால், இலக்கின் பக்கம் தொடங்கினால் நல்ல அடி. பின்னால் தொடங்கினால், பந்துக்கு முன்பே தரையைத் தோண்டுகிறீர்கள்.

வீடியோவைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பாதி தூரம்தான் கிளப்பைத் தூக்கினேன் என்று நான் சத்தியம் செய்திருப்பேன். படத்தில் அது தலைக்கு மேலே போயிருந்தது. இந்த மாதிரிப் பொய்களைப் பிடிக்க வீடியோ நல்லது. ஆனால் இலக்குக்கு எதிர்ப்பக்கம் நின்று பின்னாலிருந்து எடுக்கும்போது கேமரா கைகளின் உயரத்தில், கைகளுக்கு நேர் பின்னால், இலக்குக் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி வைத்தாலும் பாதை கோணலாகத் தெரியும். கேமரா தள்ளியிருந்ததால் மட்டுமே தெரிந்த ஒரு குறையைத் திருத்த நான் மூன்று வாரம் செலவழித்தேன்.

இன்னொன்று. ஒவ்வொரு அடிக்கும் கிளப் முகத்தையோ படத்தையோ பார்க்காதீர்கள். எங்கே பட்டிருக்கும் என்று முதலில் ஊகித்துவிட்டு, சில அடிகளுக்கு ஒருமுறை சரிபாருங்கள். உடனுக்குடன் விடை கிடைத்துக்கொண்டே இருந்தால் கை அதையே நம்பியிருந்துவிடும், தானாகக் கற்றுக்கொள்வது குறையும்.

ஆளிடம் கேட்பதானால் ஒரே ஒருவரிடம் கேளுங்கள், "என் ஸ்விங் எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். பத்துப் பந்துகளின் புறப்பாடு, வளைவு, பட்ட இடம் மூன்றையும் குறித்துக்கொண்டு போய், "இது ஏன் இப்படி ஆகிறது?" என்று கேளுங்கள். நீங்கள் இடக்கைக்காரர் என்றால், மேலே உள்ள வலம், இடம் எல்லாவற்றையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.