கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் விழாது

கேள்வி: குடியரசு நிலைக்க மக்களிடம் ஒழுக்கம் வேண்டும் என்றார் பிரெஞ்சு சிந்தனையாளர் மான்டெஸ்கியூ. நம் மக்களிடம் அது இல்லாதபோது எல்லோருக்கும் ஆட்சியில் பங்கு கொடுப்பது சரியா? (வாசகர், தஞ்சை மாவட்டம்)

பதில்: மான்டெஸ்கியூவை நீங்கள் பாதிதான் படித்திருக்கிறீர்கள். 1748-இல் வந்த தம் நூலில் தாம் சொன்னது சமயம் போதிக்கும் ஒழுக்கத்தை அல்ல, நாட்டின் மீதும் சமத்துவத்தின் மீதும் உள்ள பற்றையே என்று அவரே பின்னர் விளக்கம் எழுதிச் சேர்த்தார். "எல்லோருக்கும் பங்கா?" என்று முகம் சுளிப்பவரிடம்தான் அந்தப் பற்று இல்லை.

தமிழ்ச் சொல்லையாவது பாருங்கள். ஒழுகுதலிலிருந்து வந்தது ஒழுக்கம். நடந்து நடந்து பழக்கமாவது அது. வீட்டில் உட்கார்ந்து சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு பொதுவாழ்வுக்கு வருவதற்கு அது பணமுடிப்பு அல்ல. பழங்காலக் கிரேக்க நகரமான ஏதென்ஸில் 500 பேர் கொண்ட அவைக்கு முப்பது வயதான சாதாரணக் குடிமக்களைச் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். ஒருவர் வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் அதில் உட்கார முடியாது. பதவிக்காலம் முடிந்ததும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும்வரை ஊரை விட்டு வெளியேறக்கூடாது, சொத்தை விற்கக்கூடாது. பெண்களையும் அடிமைகளையும் வெளியே நிறுத்திய ஊர்தான் அது, அந்தக் கறையை நான் மறைக்கவில்லை. ஆனால் செருப்புத் தைப்பவரும் அங்கே ஆட்சி செய்து பழகினார்.

பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்து ஊர் வாரியங்களுக்கு, அதாவது நிர்வாகக் குழுக்களுக்கு, ஆள் தேர்ந்த சோழர் காலத்து உத்திரமேரூர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உலகின் முதல் மக்களாட்சி அதுதான் என்று முழங்குவோரோடு இந்தப் பக்கத்தில் பலமுறை மோதியிருக்கிறேன், இனியும் மோதுவேன். அது பிராமணர் சபை. கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் சொந்த நிலமும் வேதப் பயிற்சியும் வேண்டும். உழுதவன் பெயரை எந்த ஓலையிலும் எழுதவில்லை. ஆனாலும் முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டில் ஒரு விதி என்னைப் பிடித்து வைத்திருக்கிறது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் விழக்கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய சிற்றன்னை, பெரியன்னை பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள் பெயரும் கூடாது! தன்னால் தன் உறவுக்கே கதவு அடைபடும் என்று தெரிந்தவன் ஏரிப் பணத்தில் கை வைக்கத் தயங்குவான். நல்லவர்களைத் தேடி அலையாமல், யாரும் ஒழுங்காக நடப்பதற்கு ஒரு வாய்க்கால் வெட்டினார்கள்.

அரசியலமைப்பு ஒழுக்கம், அதாவது அரசியலமைப்பின் நெறிகளை மதித்து நடக்கும் பழக்கம், இயல்பாக வருவதில்லை, வளர்க்கப்பட வேண்டும் என்று அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் சொன்னார். நம் மக்கள் அதை இன்னும் கற்கவில்லை என்றும் சொன்னார். அப்படிச் சொன்னவர்தான் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை தந்த சட்டத்தை வரைந்து கொடுத்தார்.

அக்டோபர் 2 அன்று உங்கள் ஊரில் கிராம சபை கூடும். வரவு செலவைப் படிக்கச் சொல்லி எழுந்து கேளுங்கள். யாரும் கேட்காததால் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிப் பத்து நிமிடத்தில் முடித்த கூட்டத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.