அணைக்கு அக்கரைல ரெண்டு ஏக்கர் வாங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி. நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை பாக்குறேன். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்து புரோக்கர் ஒருத்தர் வாட்ஸ்அப்புல வீடியோ அனுப்புனாரு. பேச்சிப்பாறை அணைக்கு அக்கரைல மலைக்குள்ள ஒரு காணி பழங்குடி ஊராம், ரப்பர், நல்லமிளகு, கிராம்புன்னு கண்ணுக்கு எட்டுன வரைக்கும் பச்சை. ஊர் பேரை கூகுள்ல போட்டா ஒண்ணுமே வரல. "பட்டா இருக்கு, வெளிய தெரியுறதுக்கு முன்னாடி ரெண்டு ஏக்கர் வாங்கிப் போடுங்க, ஹோம்ஸ்டே கட்டலாம்"ங்கிறாரு. அட்வான்ஸ் குடுக்கலாமா? – திருப்பூர் வாசகர்

பதில்: குடுக்காதீங்க தம்பி. ஏன்னு சொல்லுதேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

கூகுள்ல வரலன்னா அது யாரும் கண்டுபிடிக்காத சொர்க்கம்னு அர்த்தம் இல்ல. அந்தப் பக்கம் முக்காவாசி ரிசர்வ் காடு. 2008-ல கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம்னு 400 சதுர கிலோமீட்டருக்கு மேல அறிவிச்சிருக்காங்க, இந்தச் சின்ன மாவட்டத்துல கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு அது. அதுக்குள்ளயும் அதை ஒட்டியும் தான் காணிக்காரங்க குடியிருப்பு எல்லாம் இருக்கு, அவங்க பல தலைமுறையா அங்கயே இருக்குறவங்க. அக்கரைல உள்ள சில ஊருக்கு இப்பவும் அணைத்தண்ணில படகு விட்டுத்தான் போக்குவரத்து.

புரோக்கர் பட்டா இருக்குன்னு சொல்றது பொய்யா இருக்கணும்னு இல்ல, அங்கதான் நிறைய பேர் மாட்டுறாங்க. 2006 வன உரிமைச் சட்டத்துல காணி குடும்பங்களுக்கு உரிமை குடுக்கலாம், நாலு ஹெக்டேர் வரைக்கும். அந்த உரிமை அப்பாகிட்ட இருந்து பிள்ளைக்குப் போகும், ஆனா விக்கவோ வேற ஆளு பேருக்கு மாத்தவோ சட்டத்துல வழியே கிடையாது. அப்போ புரோக்கர் அடுத்து என்ன சொல்வாருன்னா, "பதிவு வேண்டாம் சார், ஒரு அக்ரிமென்ட் போடுவோம், பவர் வாங்கிக்கிடுவோம், இல்லன்னா 99 வருஷம் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்துக்கோங்க"ம்பாரு. ஸ்டாம்ப் பேப்பர்ல எத்தனை கையெழுத்து போட்டாலும் நிலம் உங்களுது ஆகாது, உங்க காசும் போயி அந்தக் காணி குடும்பமும் கோர்ட்டு ஆபீஸ்னு அலையும், நடுவுல கமிஷன் வாங்குனவரு மட்டும் போனை எடுக்க மாட்டாரு.

சரி, காணி நிலம் வேண்டாம், மலையடிவாரத்துல தனியார் எஸ்டேட் பட்டா நிலம் பாக்கலாமேன்னு கேப்பீங்க. அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. 1949-ல வந்த தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு இங்க நடைமுறைல இருக்கு, அந்தப் பட்டியல்ல நிலம் இருந்துச்சுன்னா விக்கணும்னாலும் அடமானம் வைக்கணும்னாலும் பாட்டத்துக்கு விடணும்னாலும் கலெக்டர் தலைமையில உள்ள மாவட்டக் கமிட்டிகிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும். தாத்தா காலத்துல இருந்து ரப்பர் வச்சு வரி கட்டுற ஆளுங்களே மக கல்யாணத்துக்கு விக்க முடியாம புலம்பிட்டு இருக்காங்க, அவங்க கோபத்துல நியாயமும் இருக்குன்னுதான் எனக்குத் தோணுது. அது போக சில கிராமங்க மலையிடப் பாதுகாப்புக் குழும லிஸ்ட்ல இருக்கு, ஹாக்கான்னு சொல்வாங்க, அங்க கட்டடம் கட்ட தனி அனுமதி வேணும். ஹோம்ஸ்டே கனவு முதல்ல இடிக்குறது இங்கதான்.

அப்படியும் ஆசை விடலன்னா புரோக்கர்கிட்ட வீடியோ கேக்காதீங்க, சர்வே நம்பர் கேளுங்க. தர இழுத்தடிச்சாலே பாதி விஷயம் புரிஞ்சிடும். நம்பர் கிடைச்சா பட்டா, அ-பதிவேடு (நிலம் யாருது, என்ன வகைன்னு சொல்ற ரெஜிஸ்டர்), புலப்படம் (நிலத்தோட அளவுப் படம்) எல்லாம் ஆன்லைன்லயே பாக்கலாம், 30 வருஷத்துக்காவது வில்லங்கம் போட்டுப் பாருங்க, அப்புறம் நேரா கிராம நிர்வாக அலுவலர்கிட்டயும் காட்டிலாகா ரேஞ்ச் ஆபீஸ்லயும் போயி இந்த நம்பர் காட்டுக்குள்ள வருதா, தனியார் காடு லிஸ்ட்ல இருக்கான்னு கேளுங்க. சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிஞ்சு குடுத்துட்டாங்கன்னா எல்லாம் சரியா இருக்கும்னு நினைக்காதீங்க, பதிவு வேற உரிமை வேற.

கேள்வி: நான் குவைத்ல இருக்கேன். அப்பா பேருல கடையால் பக்கம் ரெண்டு ஏக்கர் ரப்பர் விளை (தோட்டம்) இருக்கு, பழைய ஆதாரம் (பத்திரம்) எல்லாம் மலையாளத்துல இருக்கு. வித்துரலாமா, வச்சுக்கலாமா? – ஒரு வாசகி

பதில்: மலையாளத்தைப் பாத்து பயப்படாதீங்கம்மா. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம திருவிதாங்கூர், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சின்னு இருந்தவங்கதானே, கல்குளம், விளவங்கோடு பக்கம் மூல ஆதாரம் மலையாளத்துல இருக்குறது சாதாரணம். அதை வாசிச்சு எழுதித் தர்ற பழைய பத்திர எழுத்தர் இன்னும் இருக்காங்க. முதல்ல அதைத் தமிழ்ல எழுதி வாங்கி, அதுல சொல்ற நாலு எல்லையும் இப்ப உள்ள புலப்படத்தோட ஒத்துப்போகுதான்னு பாத்துட்டு, அப்பா இருக்கும்போதே பட்டாவைச் சரி பண்ணிடுங்க. பின்னாடி வாரிசுச் சான்றிதழ், ஆளுக்கொரு கையெழுத்துன்னு குவைத்ல இருந்துக்கிட்டு ஓட முடியாது.

விக்கிறதா வேண்டாமாங்குறது மரத்தோட வயசைப் பொறுத்து இருக்கு. நட்டு ஏழு வருஷம் ஆகணும் பால் வெட்ட, அப்புறம் ஒரு இருபது இருபத்தஞ்சு வருஷம் ஓடும். ஆனா ரப்பர் உக்காந்த இடத்துல காசு தர்ற பயிர் இல்ல. விடியுறதுக்கு முன்னாடி நெத்தில லைட்டைக் கட்டிக்கிட்டு ஒரு ஆளு மரம் மரமா போயி, பட்டைல நேத்தைக்கு முந்தின நாள் விட்ட கோட்டுக்குக் கீழ நூல் கனத்துக்குச் சீவணும், கொஞ்சம் ஆழமாப் போனா மரம் புண்ணாயிடும், லேசாப் போனா சிரட்டை நிறையாது. அந்தக் கைக்காரர் கிடைக்கிறதுதான் இப்ப குதிரைக்கொம்பு. நமக்கோ ஜூன்லயும் மழை, அக்டோபர்லயும் மழை, மழை பெஞ்சா வெட்டு இல்ல. 2017 நவம்பர் கடைசில ஒக்கி புயல் அடிச்சப்போ எத்தனை விளைல மரம் வேரோட சாஞ்சு கிடந்துச்சுன்னு உங்க அப்பாவைக் கேளுங்க, சொல்வாரு. நம்பிக்கையான சொந்தக்காரர் பக்கத்துல இருந்தா பாட்டத்துக்கு விட்டுட்டு வச்சுக்கோங்க, இல்லன்னா நல்ல விலை வரும்போது குடுத்துடுங்க. வெளிநாட்டுல இருந்து போன்ல விளை பாக்குறது நடக்காத காரியம்.

கேள்வி: நாங்க நாலு பிரண்ட்ஸ் பைக்ல கோதையாறு தாண்டி உள்ள காணி ஊருங்களுக்குப் போயி ட்ரோன் வீடியோ எடுக்கலாம்னு பிளான். டென்ட் போட இடம் இருக்குமா? – நாகர்கோவில் கல்லூரி மாணவர்

பதில்: டென்டும் வேண்டாம், ட்ரோனும் வேண்டாம். காட்டுக்குள்ள போக நாகர்கோவில் மாவட்ட வன அலுவலகத்துல அனுமதி கேக்கணும், கிடைக்கலன்னா பேச்சிப்பாறை, திற்பரப்பு, காளிகேசம் திறந்திருந்தா அங்கன்னு சுத்திட்டு வாங்க. கீழ் கோதையாறுக்கு கவர்மென்ட் பஸ் போகுது, ஜன்னல் ஓரமா உக்காந்தா பைக்ல பாக்குறதை விட நல்லாப் பாக்கலாம். மோதிரமலை, குற்றியாறு பக்கம் மழை பிடிச்சா சப்பாத்து (தரைப்பாலம்) மேல தண்ணி ஏறி ரெண்டு பக்கமும் ஆளு மாட்டிக்கிடும், அங்க ஸ்கூலுக்குப் போற பிள்ளைங்களுக்கே அதான் கதி. ஆனை நடமாட்டம் உண்டு. 2023-ல சிற்றார் ரப்பர் தோட்டத்துப் பக்கம் புலி வந்து ஆடு மாட்டைப் பிடிச்சதும் ஞாபகம் இருக்கும்.

ஊருக்குள்ள யாராவது தெரிஞ்சவங்க கூப்பிட்டுப் போனா போங்க, போனா விருந்தாளியா இருங்க. யாரு வீட்டு முற்றத்துலயும் கேக்காம போன் கேமராவைத் தூக்காதீங்க. நீங்க லொகேஷனோட போடுற ஒரு ரீல்ஸைப் பாத்து அடுத்த ஞாயித்துக்கிழமை அம்பது பைக் வரும், பாட்டில் பொறுக்குறது அந்த ஊர்க்காரங்கதான்.

கேள்வி: மலைல நிலம் வாங்க வசதி இல்ல, அங்க விளையுற பொருளையாவது நேரா வாங்க முடியுமா? – சென்னை வாசகி

பதில்: இதைத்தான் முதல் கேள்வி கேட்ட தம்பியும் பண்ணிருக்கணும். கிராம்பு, நல்லமிளகு குலசேகரம், மார்த்தாண்டம் சந்தைல கிடைக்கும், மலையில இருந்து இறங்குறவங்ககிட்டயே வாங்குனா விலையும் அவங்க கைக்கே போகும். நம்ம கிராம்புக்கும் மட்டி வாழைப்பழத்துக்கும் புவிசார் குறியீடு இருக்கு. கிராம்பு வாங்கும்போது தலை உதிராம இருக்கான்னு பாருங்க, நகத்தால அழுத்துனா எண்ணெய் கசியணும், கசியலன்னா எண்ணெய் எடுத்துட்டு விக்கிற சரக்கு. மட்டியை மட்டும் பார்சல்ல அனுப்பச் சொல்லாதீங்க, சென்னை வந்து சேர்றதுக்குள்ள கொழகொழன்னு ஆயிடும். இந்தப் பக்கம் வரும்போது குலையோட வாங்கி இங்கயே தின்னுட்டுப் போங்க.